மறதி நோய்க்கு ஏற்காட்டுச் சின்ன இல்லமா, சேலத்துப் பெரிய இல்லமா?

செரிரோடு:
பெரியப்பாவுக்கு 79 வயது. அல்சைமர், நடுக்கட்டம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போகிறது. நடை நன்றாக இருக்கிறது, சிக்கலே அதுதான். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பை மாட்டிக் கிளம்பிவிடுவார். இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் போகிற வழியில் ஒரு பங்களா, 8 படுக்கை, மாதம் 28,000. சேலம் அழகாபுரத்தில் 45 படுக்கை உள்ள முதியோர் இல்லம், மாதம் 22,000. நேரில் போனால் எதைப் பார்த்து முடிவு செய்வது? "அன்பா கவனிச்சுக்குவாங்க" மாதிரி பதில் வேண்டாம், தயவுசெய்து.

காப்பிக்காடு:
என் ஓட்டு எட்டுப் படுக்கைக்கு. மலைக்காற்றுக்காகச் சொல்லவில்லை. மறதி நோயில் புது முகம், இரைச்சல், ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவது எல்லாமே பாரம். 45 பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தமும் டிவியும் சேர்ந்தால் சாப்பிடாமலே எழுந்துவிடுவார்கள். அதோடு பெரிய இல்லங்களில் தெளிவாக இருக்கும் முதியவர்களும் மறதிக்காரர்களும் கலந்திருப்பார்கள். "என் அறைக்குள்ள வந்து பெட்டியத் திறக்கிறாரு" என்று புகார் வரும். அடுத்த வாரமே அவர் தனி அறையில், வெளியே தாழ்ப்பாள். இரண்டு இடத்திலும் கேளுங்கள்: இப்போது இருப்பவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் எத்தனை பேர்? ஒருவர் அடுத்தவர் அறைக்குள் போனால் என்ன செய்வீர்கள்?

கொண்டலாம்பட்டி:
எட்டுப் படுக்கை என்றதும் எல்லோருக்கும் வீட்டுச் சாப்பாட்டு வாசனை வந்துவிடுகிறது. நான் கணக்குப் பார்க்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒரு இடத்தில் எந்நேரமும் ஒரு ஆள் நிற்க வாரத்துக்கு 14 ஷிஃப்ட். ஒருவர் ஆறு ஷிஃப்ட் பார்த்தாலும் இரண்டு பேர் போதாது. லீவு, பொங்கல், ஊர்த் திருவிழா சேர்த்தால் மூன்று பேர். எந்நேரமும் இரண்டு பேர் வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து பேர், சமையலும் துப்புரவும் இதில் சேராது.

படுக்கை நிரம்பினால் வரவு 2,24,000. மூன்று காலியானால் 1,40,000. வாடகை குறையாது, கரண்ட் பில் குறையாது, சமையல்காரம்மாவை நிறுத்த முடியாது. முதலில் வெட்டுப்படுவது இரவு ஆள்தான், ஏனென்றால் அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆகவே "எத்தனை பேர் வேலை செய்றாங்க" என்று கேட்காதீர்கள். போன வாரத்து டூட்டி ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெயர் பகலிலும் இரவிலும் அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். இன்றைக்கு எத்தனை படுக்கை காலி என்பதையும் கேளுங்கள்.

காப்பிக்காடு:
இதே கணக்கை 45 படுக்கைக்கும் போடலாமே. அங்கே இரவில் மூன்று பேர் என்றால் ஆளுக்குப் பதினைந்து. இங்கே ஒருவர் இருந்தாலும் எட்டு.

கொண்டலாம்பட்டி:
ஒருவர் ஒருவரைக் கழிவறைக்குக் கூட்டிப் போகும்போது மற்ற ஏழு பேருக்கு யார் என்பதுதான் கேள்வி. விகிதம் காகிதத்தில் அழகாக இருக்கும். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் விழுந்தவரைத் தூக்கக்கூட முடியாது.

இரவுப்பணி:
இரண்டு பேரும் படுக்கையையே எண்ணுகிறீர்கள். செரிரோடு, காலை 11 மணிக்குப் போகாதீர்கள். அது இல்லம் குளித்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கும் நேரம். சாயங்காலம் 5 மணிக்குப் போய் இரவுச் சாப்பாடு முடியும்வரை இருங்கள். உங்கள் பெரியப்பா செருப்பு மாட்டும் நேரம் அதுதான். அங்கே இருப்பவர்களும் அப்போதுதான் கிளம்புவார்கள். "போகக்கூடாது, உட்காரு" என்று தோளை அழுத்துகிறார்களா, "வாங்க, அதுக்கு முன்னாடி ஒரு டீ குடிப்போம்" என்று கூட நடக்கிறார்களா என்பதைப் பாருங்கள்.

இன்னொன்று. ஆறரை மணிக்கே எல்லோரும் படுத்துவிட்டால் அமைதி என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே தூங்கி வழிவது, வாயோரம் எச்சில், கை மடக்கினால் விறைப்பு, காலைத் தேய்த்து நடப்பது, இவை ஒன்றிரண்டு பேரிடம் இருந்தால் நோய். பாதிப் பேரிடம் இருந்தால் மாத்திரை. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியபின், இந்த நான்கு மனநோய் மருந்துகளின் பெயரையும் மருந்துக் கோப்பில் தேடுங்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கட்டம் கட்டி எச்சரித்தது, ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கு 2008இல்; பக்கவாத ஆபத்தும் உண்டு. கொடுக்கவே கூடாது என்பதில்லை. யார் எழுதினார், எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பார் என்று கோப்பில் இருக்க வேண்டும். விறைப்புக்கென்று கூடவே ட்ரைஹெக்சிஃபெனிடில் ஓடினால் இன்னும் மோசம். அது மிச்ச ஞாபகத்தையும் கலைக்கும்.

செரிரோடு:
கோப்பைக் காட்டுவார்களா? அடுத்தவர் விவரம் என்று சொல்லிவிட்டால்?

இரவுப்பணி:
சொல்வது சரிதான். பெயரை மறைத்து ஒரு பக்கம் காட்டச் சொல்லுங்கள். பிபி 120/80 என்று முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. உண்மையான அட்டையில் "சாப்பிட மறுத்தார்", "மாத்திரையைத் துப்பினார்" என்று அங்கங்கே இருக்கும்.

உங்கள் விஷயத்தில் சர்க்கரைதான் முதல் கேள்வி. "கிளிமிபிரைடு நேரத்தில் சாப்பிட மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?" "எப்படியாவது மாத்திரையைக் கொடுத்துருவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை போனால் நடுராத்திரி சர்க்கரை இறங்கும். மறதிக்காரருக்கு அதைச் சொல்லத் தெரியாது, வியர்த்துக் குழம்புவார், "வழக்கமான குழப்பம்" என்று விட்டுவிடுவார்கள். மாத்திரையை நிறுத்திவைத்து, விரலில் குத்திப் பார்த்து, டாக்டருக்குப் போன் செய்வோம் என்பது சரியான பதில். 70க்குக் கீழே போனால் விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இரவு ஆளுக்கு இது தெரியுமா? உரிமையாளரிடம் கேட்காமல் இரவு ஆளிடமே கேளுங்கள்.

கோப்புக்கட்டு:
சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மனநோய்க்கான வரையறை நினைவாற்றல் கோளாறையும் சேர்த்துச் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துப் பார்க்கும் இடம், உறவினர் வீடு தவிர, மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். முதியோர் இல்லம் என்ற பதிவு வேறு, இது வேறு. சான்றிதழைக் கேளுங்கள். முகவரி அந்தக் கட்டடத்தின் முகவரியா, படுக்கை எண்ணிக்கை பொருந்துகிறதா, தற்காலிகப் பதிவா என்று பாருங்கள். தற்காலிகப் பதிவுக்கு 12 மாதம்தான் ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

காப்பிக்காடு:
சுவரில் சட்டம் போட்டு மாட்டிய காகிதம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து தண்ணீர் கொடுக்காது, சார். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் பல சின்ன இடங்கள் இந்தப் பதிவுக்கு அலைய முடியாமல் நிற்கின்றன.

கோப்புக்கட்டு:
காகிதம் தண்ணீர் கொடுக்காது. கட்டிப்போட்டால் கேள்வி கேட்க அது வேண்டும். அதே சட்டத்தின் 97ஆம் பிரிவு தனியறையில் அடைப்பதை முழுக்கத் தடுக்கிறது. கட்டுவது, அந்த நிமிடம் வரப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவு எழுதி. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக்கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் செத்தது தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. இன்றைக்குச் சங்கிலி இருக்காது. சேலைத் துணி இருக்கும், முன்பக்கம் பலகை பூட்டிய நாற்காலி இருக்கும், வெளியே தாழ்ப்பாள் இருக்கும். வாசல் கதவைப் பூட்டுவது புரிகிறது. சாவி யார் இடுப்பில், இரவில் அவர் எங்கே படுக்கிறார், இரண்டாவது சாவி எங்கே? மூன்றுக்கும் உடனே பதில் வர வேண்டும்.

கொண்டலாம்பட்டி:
இனி மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. நாகலூர்ப் பக்கத்திலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல், பனிமூட்டம் இருந்தால் இன்னும் கூட. பக்கவாதம் என்றால் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட மொத்தமே நாலரை மணி நேரம்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போகாமல் நின்றது. அந்த நாளில் இடுப்பு எலும்பு உடைந்தால்?

இரவுப்பணி:
நாலரை மணி நேரம் என்பது அறிகுறி தொடங்கியதிலிருந்து. இரவு 11 மணிக்கு வாய் கோணியது காலை 6 மணிக்குக் காப்பி கொடுக்கும்போதுதான் தெரிகிறது என்றால், இல்லம் ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டில் இருந்தும் பயன் குறைவுதான். இரண்டு மணிக்கொருமுறை டார்ச் எடுத்துச் சுற்றுகிறார்களா என்பது சாலைத் தூரத்தைவிடப் பெரிய விஷயம். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமும் அதுதான். குதிகாலையும் வாலெலும்புப் பகுதியையும் பார்த்தாலே அந்தச் சுற்று நடக்கிறதா இல்லையா என்று தெரியும்.

காப்பிக்காடு:
நன்றி. ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலுதவி அங்கே ஆகும். மலை இல்லத்தில் பத்து நாள் மாத்திரை, இன்வெர்ட்டர், அவசரத்துக்கு வண்டியும் ஓட்டத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். சேலத்து வெயிலைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்? சித்திரையில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், தாகம் தெரியாத மறதிக்காரர் எப்படி இருப்பார்? நீர் வற்றினால் சிறுநீர்த் தொற்று, அதிலிருந்து திடீர்க் குழப்பம். நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் நினைக்கும். அழகாபுரத்தில் எந்த மாடி, எந்தத் திசை என்று பாருங்கள்.

கொண்டலாம்பட்டி:
வெயிலுக்கு மின்விசிறியும் மோர்ப் பானையும் போதும். மார்கழிக் குளிருக்கு உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு கரிக்கணப்பு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும். ஒரு அறையில் கரி அடுப்பைப் பார்த்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கீசரும் அப்படித்தான். 60 டிகிரித் தண்ணீர் சில நொடியில் தோலைப் பொசுக்கும், மறதிக்காரர் குழாயைத் திருகிவிட்டு நிற்பார். வாளியில் விளாவிக் கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். அப்புறம் பங்களா இருப்பது சரிவில். வாசலிலிருந்து எத்தனை படி, வேலி எங்கே முடிகிறது? வெளியேறினால் காப்பித் தோட்டம், அதற்குள் காட்டெருமை. அழகாபுரத்தில் தெருவுக்கு வந்தால் பெட்டிக்கடைக்காரராவது பிடித்து உட்கார வைப்பார்.

காப்பிக்காடு:
தெருவில் பஸ்ஸும்தான் வரும். நடக்கிறவரை நடக்க விடாத இடம் எதுவாக இருந்தாலும் வேண்டாம். வேலிக்குள், படியில்லாமல், சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் நடைபாதை இருந்தால் அவர் சாயங்காலம் பத்துச் சுற்றுப் போய்த் தானாகவே உட்கார்ந்துவிடுவார். 45 படுக்கை இல்லத்தில் அது வராந்தாவாக இருந்தாலும் சரி, ஆனால் கடைசியில் பூட்டிய கதவு இருந்தால் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருப்பார்.

செரிரோடு:
கழிவறை பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

இரவுப்பணி:
படுக்கையிலிருந்து கழிவறைக் கதவு கண்ணில் பட வேண்டும், இரவில் அங்கே விளக்கு எரிய வேண்டும். வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கோப்பை இருந்தால் பலருக்குத் தெரியாது, இருக்கையாவது வேறு நிறத்தில் இருக்கட்டும். வாசலில் கறுப்பு மிதியடி போட்டால் பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் போய் விழுவார்கள். கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள், திருகு கழன்ற கைப்பிடி இல்லாததைவிட ஆபத்து. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும்.

டயப்பர் பற்றி நேராகக் கேளுங்கள். கழிவறைக்குப் போகத் தெரிந்தவருக்கும் "இரவு வசதிக்கு" என்று மாட்டினால் சில மாதத்தில் அந்தப் பழக்கமே போய்விடும். இரண்டு மூன்று மணிக்கொருமுறை கூட்டிப் போக ஆள் வேண்டும், மறுபடி அதே ஆள் கணக்கு. வராந்தா முழுக்க எந்நேரமும் பினாயில் நெடி அடித்தால் எதையோ மூடுகிறார்கள்.

கோப்புக்கட்டு:
பணம் கட்டும் முன் ஒப்பந்தம். "நடத்தை சரியில்லை என்றால் உடனே அழைத்துச் செல்ல வேண்டும்" என்ற வரி பல இடங்களில் இருக்கும். மறதி நோயே நடத்தை மாறுவதுதான். ஒரு மாத முன்னறிவிப்பு என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார், அந்த நாட்களுக்கும் முழுக் கட்டணமா, டயப்பருக்குத் தனி பில்லா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், எல்லாம் எழுத்தில் வேண்டும். பார்வையாளர் நேரம் 4 முதல் 5 என்று மட்டும் போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சொல்லாமல் வர உரிமை வேண்டும். புகாருக்கு முதியோர் உதவி எண் 14567.

கொண்டலாம்பட்டி:
சொல்லாமல் வர உரிமை கிடைத்தாலும் நாகலூருக்கு யார் சொல்லாமல் போவது? முதல் மாதம் வாரா வாரம், ஆறாம் மாதம் தீபாவளிக்கு. ஆள் வந்துபோகிறவருக்குத்தான் கவனிப்பு கிடைக்கும், எல்லா இல்லத்திலும். செரிரோடு, உங்கள் வீட்டில் யாருக்கு வாரம் ஒரு சாயங்காலம் ஓய்வு என்று பார்த்து அவருக்குப் பக்கமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காப்பிக்காடு:
இதில் மட்டும் சண்டையில்லை. ஆனால் "பக்கம்" என்பதற்காக வெளித் தாழ்ப்பாள் அறையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செரிரோடு:
15 நாள் வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். முயலலாமா?

காப்பிக்காடு:
இரண்டிலும் மாற்றி மாற்றி வேண்டாம். புது இடத்தில் முதல் சில வாரம் குழப்பம் கூடத்தான் செய்யும், 15 நாளில் இல்லத்தையும் எடைபோட முடியாது, அவரையும் எடைபோட முடியாது. ஒன்றைத் தேர்ந்து இரண்டு மாதம் கொடுங்கள். அவருடைய போர்வை, சுவாமி படம், பழைய டம்ளர் கூடப் போகட்டும்.

இரவுப்பணி:
சேர்க்கும் நாளில் எடை பாருங்கள். குதிகால், வாலெலும்பு, முழங்கை மூன்றையும் தேதியோடு படம் எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மாதா மாதம் எடை. 60 கிலோ ஆள் ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், "வயசாச்சு" என்று விடக்கூடாது.

கொண்டலாம்பட்டி:
முதலில் அங்கே எடைக்கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நீங்களே ஏறி நின்று பாருங்கள், பேட்டரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.