பொருள்: டிரைலோபைட்டின் ‘லிப்ரிஜினா’வுக்குக் ‘கழல்கன்னம்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

டிரைலோபைட் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன, ஓடுடைய கடல் உயிரி. அதன் தலைக்கேடயத்திலிருந்து பக்கவாட்டில் பிரியும் கன்னப்பகுதியே லிப்ரிஜினா (free cheek). அதற்குத் தமிழில் ‘சுதந்திரக் கன்னம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார்கள். ‘தனிக்கன்னம்’ போதுமே என்று குழுவிலுள்ள அம்மா ஒருவர் கேட்டிருந்தார்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதற்குக் காரணம் என் மேசைமேல் இருக்கும் ஒரு சிறு புதைபடிவம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஹவுஸ் ரேஞ்ச் மலைப்பகுதியில், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையான வீலர் ஷேல் என்னும் அடுக்குக் களிப்பாறையைப் பிளந்தபோது கிடைத்தது அது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது; சாம்பல் நிறப் பாறையில் கரிய பிறைபோல் ஒட்டியிருந்தது. உடைந்துபோன டிரைலோபைட் துண்டு என்றுதான் முதலில் எண்ணினேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது வெளி விளிம்பில் தடித்த வரம்பும், அது பின்னால் நீண்டு ஒரு முள்ளாக முடிவதும் தெரிந்தன. உள் விளிம்போ முறிவுபோல் முரடாக இல்லை. ஒரே கோடாக வழவழவென்று ஓடி, கண் இருந்த இடத்தில் மட்டும் உள்வாங்கியிருந்தது. அது உடைந்ததன்று, கழன்றது.

டிரைலோபைட் வளரும்போது பாம்பைப் போலப் பலமுறை சட்டை உரித்தது. தலைக்கேடயத்தின் முன்னிருந்து கண்களின் உட்புறமாகச் செல்லும் இரு பொருத்துக் கோடுகள் விட்டுக்கொடுக்க, இருபுறக் கன்னங்களும் கழன்று, உயிரி பழைய சட்டையிலிருந்து வெளியேற வழி கிடைத்தது. நமக்குக் கிடைக்கும் துண்டுகளில் பெரும்பகுதி இறந்த உடலின் சிதைவல்ல, இப்படி விடப்பட்ட உரிசட்டையே. எனவே இந்த உறுப்பின் பெயரில் அது கழலும் செயல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘சுதந்திரம்’ வேர்ச்சொல்லின் நேர்பெயர்ப்பாக நின்றுவிடுகிறது. ‘தனி’ என்றால் அது தலையின் பகுதி என்பதே மறைந்துபோகிறது.

கழல்கன்னம் ஒரு வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல, கழன்ற, கழல்கின்ற, கழலும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். உரிக்குந்தோறும் கழலும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைப்பது அரிது. ‘கழல்’ என்றால் வீரர் காலில் அணியும் வளையம் அல்லவா என்ற ஐயம் எழலாம். அந்தப் பொருளில் பெயர்ச்சொல்லாக வந்தால் லகரம் திரிந்து, கழற்சிங்க நாயனார் பெயரில் உள்ளதுபோல், ‘கழற்கன்னம்’ என்றே ஆகும். திரியாமல் நிற்பதே இது வினை என்பதற்குச் சான்று. தலையோடு தங்கிவிடும் கன்னப்பகுதியான ஃபிக்ஸிஜினாவுக்கு (fixed cheek) ‘நிலைக்கன்னம்’ எனலாம்.

இந்தச் சொல்லிணை, கிடைத்த துண்டை இனங்காணவும் உதவுகிறது. பொருத்துக் கோடு தலையின் பின் விளிம்பில் முடியும் வகைகளில் கன்னமுள் கழல்கன்னத்தோடு வந்துவிடும். பக்க விளிம்பிலேயே முடியும் வகைகளில் முள் நிலைக்கன்னத்தோடு தங்கும். என் துண்டில் முள் உடன் வந்திருப்பதால் அது முதல் வகை. அந்தப் பாறையில் மிக அதிகமாகக் கிடைக்கும் எல்ராத்தியா கிங்கி என்னும் டிரைலோபைட் இனம் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனாலும் ஒரு கன்னத்தை மட்டும் வைத்து இனப்பெயரை உறுதியாக எழுதுவது முறையன்று; நடுத்தலையோ (கழல்கன்னங்கள் கழன்றபின் எஞ்சும் தலைப்பகுதி, கிரானிடியம்) வால்கேடயமோ கிடைத்திருந்தால் துணிந்திருப்பேன்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஃபேகாப்ஸ் போன்ற டிரைலோபைட்டுகளில் இந்தப் பொருத்து இறுகி ஒன்றாகிவிட்டதால், சட்டை உரிக்கும்போது தலை முழுதாகவே கழலும். அங்கே ‘இறுகிய கழல்கன்னம்’ என்று எழுத நேரும். முரணாகத் தோன்றினாலும், முன்னோரிடம் கழன்ற உறுப்பு இங்கே இறுகிவிட்டது என்ற செய்தி அதிலேயே கிடைக்கிறது. ஒலெனெல்லஸ் என்னும் டிரைலோபைட் வகையிலோ இந்தப் பொருத்தே இல்லை. ஆகவே சொல்லுக்கும் அங்கே வேலை இல்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ‘நடுத்தலை’ கிரானிடியத்துக்குப் பொருந்துமா என்று. அதுவரை பெட்டியில் ஒட்டிய சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘எல்ராத்தியாவாக இருக்கலாம், இடது கழல்கன்னம், கன்னமுள் முழுமை, வீலர் ஷேல், ஹவுஸ் ரேஞ்ச், யூட்டா.’