மிதிபொறியா, நீள்மிதியா? உட்கார்ந்து மிதிக்கும் எலிப்டிக்கலுக்குத் தமிழ்ச்சொல்

பாளையங்கோட்டை, தமிழாசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி, பாதம் தட்டையான வட்டத்தில் போய்வர மிதிக்கும் சிறிய எலிப்டிக்கல் கருவிக்குத் தமிழில் பயன்பாட்டுக் கையேடு தயாராகிறது. கருவி ஏறக்குறைய 10 முதல் 13 கிலோ. இரண்டு மிதிகள், எண்கள் காட்டும் சிறு திரை, மிதிப்பதை எளிதாக்கவும் கடினமாக்கவும் எட்டு நிலையுள்ள ஒரு திருகு. பெட்டியின்மேல் 'அண்டர் டெஸ்க் எலிப்டிக்கல்' என்று இருக்கிறது.

முதல் வரைவில் 'மேசையடி நீள்வட்ட மிதிப்பயிற்சிப் பொறி' என்று எழுதினேன். வாய்விட்டுச் சொன்னால் மூச்சு வாங்குகிறது. மிதிக்கவே வேண்டாம், பெயரைச் சொன்னாலே பயிற்சி ஆகிவிடும். 'மிதிபொறி' என்று சுருக்கலாமா? மிதிவண்டியைப் போல வினைத்தொகை, ஆகவே 'ப்' மிகாது. சைக்கிளுக்கு வந்த பெயர்களில் துவிச்சக்கரவண்டியும் ஈருருளியும் சக்கரத்தை எண்ணின. மிதிவண்டி காலின் வேலையைச் சொன்னது. தமிழ்நாட்டு அரசு ஏடுகளில் நிலைத்தது அதுதான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். 10 நாளில் அச்சுக்குப் போக வேண்டும்.

மேலப்பாளையம், உடற்பயிற்சிக் கருவி பழுதுபார்ப்பவர்

அண்ணாச்சி, முதல்ல அந்த 'மேசையடி'ய வெட்டுங்க. நம்ம பக்கம் இது மேசைக்கு அடியில கெடக்கிற வீடு ரொம்பக் கொஞ்சம். டிவிக்கு எதுத்தாப்புல சோபா, இல்லன்னா பிளாஸ்டிக் நாற்காலி, அதுக்கு முன்னால கெடக்கும். மேசையடின்னு போட்டியள்னா, மேசை இல்லாம ஓடாதோன்னு கேப்பாவ.

கையேட்டுல பேரவிட முக்கியமா வரவேண்டியது வழுக்கல். வர்ற புகார்ல பாதி அதுதான். காவி போட்ட தரை, மொசைக், டைல்ஸ் எதுலயும் மிதிக்க மிதிக்கக் கருவி முன்னால போகும், நாற்காலி பின்னால போகும். கருவிக்கு அடியில ரப்பர் மேட் போடணும். பத்தமடைப் பாய விரிச்சு அதுமேல வைக்காங்க. கோரை டைல்ஸ்ல நல்லா சறுக்கும், பாயும் கிழியும். நாற்காலி முதுகு செவத்துல முட்டியிருக்கணும். சக்கரம் வச்ச ஆபீஸ் நாற்காலின்னா சக்கரத்துக்குப் பூட்டு மாட்டணும், இல்லன்னா நாற்காலித் தண்டையும் கருவியையும் ஒரு பட்டையால சேத்துக் கட்டணும். பிளாஸ்டிக் நாற்காலி வழுவழுத் தரையில கால் அகண்டு உக்காந்துரும். கனத்த ஆளுக்கு அது ஆகாது.

அடுத்தது சத்தம். ஒரு சுத்துக்கு ஒரு தரம் 'டக்'குன்னு கேட்டா, மிதிய இணைக்கிற போல்ட் தளர்ந்திருக்கு. கூட வந்த, வளைஞ்ச ஆறுபட்டை அலன் சாவிய வச்சு இறுக்கினாப் போதும். 'கீச் கீச்'னு ஒரு ஓரத்துல மட்டும் கேட்டா, உருளை ஓடுத தடம் காஞ்சிருக்கு, இல்லன்னா தலைமுடி சுத்தியிருக்கு. துணியால தொடைச்சுட்டு சிலிக்கான் எண்ணெய் ரெண்டு சொட்டு விடணும். தேங்காயெண்ணெய் விடாதீங்கன்னு கொட்டை எழுத்துல போடுங்க. ஒரு வாரம் நல்லா ஓடும், அப்புறம் தூசியும் முடியும் சேந்து களிம்பாயிரும். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோரத்துல போல்ட் துருப்பிடிச்சிரும். மாட்டும்போதே மரையில கொஞ்சம் கிரீஸ் தடவிட்டா பிறகு கழட்டச் சங்கடமில்ல.

திருகைத் திருப்பியும் மாத்தமே தெரியலன்னா, உள்ள இருக்கிற கேபிள் கொக்கியவிட்டுக் கழண்டிருக்கும். மிதியக் கடினமாக்குத காந்தம் நகராது. மூடியக் கழட்டி மாட்டிறலாம்.

பேரு என்ன வேணாலும் வைங்க, மூணு எழுத்து நாலு எழுத்துக்குள்ள முடிங்க. பில்லுல எழுதணும்லா.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, மொழிபெயர்ப்பாளர்

உங்கட திருநெல்வேலியின் பெயரே எங்கட பல்கலைக்கழகம் இருக்கிற இடத்துக்கும் இருப்பதால் இந்த உரிமையோடு எழுதுகிறேன். 'மிதிபொறி' வேண்டாம். ஈழத்தில் 'மிதிவெடி' என்றால் நிலத்தில் புதைத்த வெடி. காலை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கினம். பொறி என்பதற்கு எலிப்பொறிப் பொருளும் உண்டு. மிதியும் பொறியும் பக்கத்தில் நின்றால், மிதித்தால் காலைப் பிடிக்கும் கண்ணி என்றுதான் எங்களுக்குக் காதில் விழும். உடற்பயிற்சிச் சாமானுக்கு இது ஆகாது.

இன்னொன்று. எலிப்ஸ் உங்களுக்கு நீள்வட்டம், எங்கட பாடநூலில் நீள்வளையம். பின்பாதி வேறு, 'நீள்' பொது. அதை மட்டும் எடுத்தால் இரண்டு கரைக்கும் சரிவரும்.

அம்பாசமுத்திரம், இயற்பியல் ஆசிரியை

யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன 'நீள்' கணக்குப்படியும் சரியாக வருகிறது. கருவி இயங்கும் விதத்தை வைத்துப் பேசலாம்.

மிதி ஒரு நீண்ட தண்டின்மேல் இருக்கிறது. தண்டின் ஒரு முனை கிராங்க் என்னும் சுழலும் குட்டைக் கையோடு சேர்ந்து வட்டமாகச் சுற்றுகிறது. கிராங்குக்கு 'வணரி' என்றொரு சொல் இருக்கிறது. யாழின் வளைந்த தண்டை வணர்கோடு என்பார்களே, அந்த வணர்தான். தண்டின் மறுமுனை உருளைமேல் நேர்கோட்டில் போய்வருகிறது. ஒரு முனைக்கு வட்டம், மறுமுனைக்குக் கோடு என்றால் நடுவில் இருக்கும் பாதத்துக்குத் தட்டையான வட்டம் கிடைக்கும். வணரி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் சரிபாதியில் பாதம் முன்பின்னாக 20 செ.மீ. போகும், மேலும் கீழுமாக 10 செ.மீ. மட்டுமே எழும்பும். அதே அளவு வணரியுள்ள சிறிய பெடல் சைக்கிளில் பாதம் 20 செ.மீ. எழும்பும். அதில் முழங்கால் மேசையில் இடிப்பதும், இதில் இடிக்காமல் தப்புவதும் இதனால்தான்.

இதிலிருந்து கையேட்டுக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. பாதத்தை உருளைப் பக்கம் தள்ளி வைத்தால் பாதை இன்னும் தட்டையாகும், முழங்கால் எழும்புவது குறையும். வணரிப் பக்கம் வைத்தால் வட்டத்தை நெருங்கும். மேசைக்கு அடியில் வைப்பவர்கள் கருவியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் பாதத்தை இரண்டு விரற்கடை நகர்த்திப் பார்க்கலாம்.

கறாராகச் சொன்னால் அந்தப் பாதை நீள்வட்டமே அல்ல. இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான பள்ளங்களில் வழுக்கினால் உண்மையான நீள்வட்டம் வரும். ஒரு முனை சுற்றினால் ஒரு பக்கம் சற்றுப் புடைத்த முட்டை வடிவம் வரும். 'நீள்வட்ட மிதி' என்றால் கணக்காசிரியர் யாராவது சண்டைக்கு வருவார். 'நீள்மிதி' என்றால் அந்த வம்பு இல்லை. என் ஓட்டு அதற்கே.

பாளையங்கோட்டை, தமிழாசிரியர்

மிதிபொறியைத் திரும்பப் பெறுகிறேன். மிதிவெடி நினைவுக்கு வராமல் போனது என் பிழை, அம்மா.

நீள்மிதியில் 'மிதி' பெயர்ச்சொல்லாக நிற்கிறது. இது புதுப் பழக்கமல்ல. வீரவநல்லூர்ப் பக்கம் தறிக்குழிக்குள் காலை இறக்கி, உட்கார்ந்தபடியே நெசவாளர் அழுத்துவதும் மிதிதான். உட்கார்ந்த காலுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது.

ஆனால் வாசலில் போடும் கால்மிதியை என்ன செய்வது? 'நீள்மிதி' என்று கடையில் கேட்டால் நீளமான கால்மிதியை எடுத்துப் போட்டுவிடுவார்களே.

தென்காசி, இயன்முறை மருத்துவர்

ஐயா, முதல் வரைவில் இருந்த 'பயிற்சி' பற்றி யாரும் பேசவில்லை. அது பெயருக்குள் வரவே கூடாது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் சொல்கிறது. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. அந்த அளவு மூச்சு. கணினியில் தட்டச்சு செய்துகொண்டே முதல் நிலையில் காலை ஆட்டுபவர் ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிடலாம். அதை 150 நிமிடக் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் பயனில்லை என்று பொருளல்ல. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது காலில் தேங்கும் இரத்தம் எளிதாக மேலே ஏறுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். சாரல் காலத்தில் இங்கே மாலை நடை நின்றுபோகிறவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் 'பயிற்சி' என்று பெயரிலேயே எழுதிவிட்டால் நடையை நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள்.

மூச்சு வாங்க மிதிக்க வேண்டுமானால் தட்டச்சை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நிலையைக் கூட்டி, அதற்கென்று நேரம் ஒதுக்கி மிதிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் ஒன்றாம் அல்லது இரண்டாம் நிலையில் 10 நிமிடம், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. ஒரு வாரம் கழித்து நேரத்தைக் கூட்டலாம். முதலில் நேரம், பிறகுதான் நிலை. இதை மாற்றிச் செய்தால் முழங்கால் முன்புறம் வலி வரும்.

நாற்காலித் தூரத்துக்கு எளிய சோதனை இருக்கிறது. மிதி மிகத் தள்ளிப்போகும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். விறைத்து நீண்டால் நாற்காலி தூரம், இடுப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இழுபடும். கிட்டே இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், அங்கேதான் வலி தொடங்கும். மேசைக்கு அடியில் வைத்தால், முழங்கால் மிக மேலே வரும்போது மேசைப்பலகைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு மிதிக்க வேண்டாம். மிதியின் சொரசொரப்பில் தோல் உரிந்தாலும் தெரியாது. மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

மோட்டார் வைத்தது ஒன்றும் விற்கிறார்கள். அதில் நாம் மிதிப்பதில்லை, அது நம் காலைத் தூக்கிச் சுற்றுகிறது. தானாகக் கால் அசைக்க முடியாத முதியவர்களுக்கு உதவும். அதையும் 'மிதி' என்று அழைக்கலாமா என்பதை ஐயா முடிவு செய்யட்டும்.

முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் தரையில் காலை மடக்கி, மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்களுக்கு இதை வாங்கித் தரலாமா என்று கேட்கிறார்கள். நாற்காலி உயரம் இல்லாமல் இதை மிதிக்க முடியாது. அவர்களுக்கு அரைமணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நடப்பதுதான் சரி.

அம்பாசமுத்திரம், இயற்பியல் ஆசிரியை

கால்மிதிக் குழப்பத்துக்கு 'அமர்' என்ற முன்னொட்டே மருந்து. அமர்நீள்மிதி. 1995-இல் அமெரிக்காவின் பிரீகார் நிறுவனம் கொண்டுவந்த, நின்று மிதிக்கும் பெரிய எலிப்டிக்கல் வெறும் நீள்மிதி. உட்கார்ந்து வட்டமாக மிதிக்கும் சிறு பெடல் கருவி அமர்வட்டமிதி. கையேட்டில் முதல் தடவை மட்டும் அமர்நீள்மிதி என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு நீள்மிதி என்றே போகலாம்.

மோட்டார் வைத்ததற்குக் 'கால்சுழற்றி' பொருந்தும். அது மிதி அல்ல என்று டாக்டர் சொன்னது சரியே.

மேலப்பாளையம், உடற்பயிற்சிக் கருவி பழுதுபார்ப்பவர்

நீள்மிதி. நாலெழுத்து. பில்லுல எழுதிருதேன்.

திரையப் பத்தியும் ரெண்டு வரி போடுங்க. கலோரி கேட்டுக் கேட்டுச் சண்டைக்கு வாராவ. நம்ம எடை எவ்வளவுன்னு கேக்காத திரை காட்டுத கலோரி வெறும் குத்துமதிப்பு. நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு கூடியிருக்குன்னு பாக்கச் சுத்து எண்ணிக்கை போதும். சில கருவி முழுச் சுத்துக்கு ஒண்ணு எண்ணும், சிலது கால் மாத்தி மாத்தி ரெண்டா எண்ணும். ரெண்டு வீட்டுக் கணக்க ஒப்பிடக் கூடாது. எண்ணிக்கை நின்னுபோச்சுன்னா முதல்ல பேட்டரி. மாத்தியும் எண்ணலன்னா, சக்கரத்துல ஒட்டுன சின்னக் காந்தம் உணரிய விட்டு விலகியிருக்கும்.

பாளையங்கோட்டை, தமிழாசிரியர்

அமர்நீள்மிதி, நீள்மிதி, அமர்வட்டமிதி, கால்சுழற்றி. நான்கையும் ஏற்கிறேன். மேசையடி, பயிற்சி, பொறி மூன்றும் வெளியே.

ஒன்று பாக்கி. அந்த எட்டு நிலைத் திருகுக்கு 'தடை' என்று எழுதியிருக்கிறேன். தடை நிலை 1, தடை நிலை 8.

மேலப்பாளையம், உடற்பயிற்சிக் கருவி பழுதுபார்ப்பவர்

தடைன்னா கருவி நின்னுபோச்சுன்னு போன் வரும் அண்ணாச்சி. 'இறுக்கம்'னு போடுங்க.

அம்பாசமுத்திரம், இயற்பியல் ஆசிரியை

இறுக்கம் வேண்டாமே. உள்ளே எதுவும் எதையும் இறுக்குவதில்லை. திருகைத் திருப்பினால் காந்தம் உலோகச் சக்கரத்துக்குக் கிட்டே போகிறது. சக்கரம் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து ஓட்டத்தை எதிர்க்கிறது. இரண்டும் தொடுவதே இல்லை, அதனால்தான் தேய்மானமும் சத்தமும் கிடையாது. வேகமாக மிதித்தால் எதிர்ப்பு கூடும், நிறுத்தினால் எதிர்ப்பே இருக்காது. எட்டாம் நிலையில் வைத்துவிட்டு மெல்ல மிதிப்பவர் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இறுக்கம் என்று அச்சடித்தால், அவர் அலன் சாவியை எடுத்துக் கண்ட போல்ட்டையும் முறுக்குவார்.

தென்காசி, இயன்முறை மருத்துவர்

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தால் என்ன சொல்வோம்? கனமாக இருக்கிறது என்போம். 'கனம்' என்று போடுங்களேன். கனம் 1, கனம் 8. 'கனத்தைக் கூட்டுங்கள்', 'கனத்தைக் குறையுங்கள்' என்று நோயாளியிடம் சொன்னால் விளக்கமே வேண்டாம்.

மேலப்பாளையம், உடற்பயிற்சிக் கருவி பழுதுபார்ப்பவர்

கனம் சரி. கடைக்கு வர்றவங்களும் 'மிதி கனமா இருக்கு'ன்னுதான் சொல்லுதாவ. ஆனா திருகுமேல ஒட்டுத ஸ்டிக்கர்ல 'கனம்'ங்கிற எழுத்தோட கூட்டல், கழித்தல் குறியும் போட்டுருங்க அண்ணாச்சி. எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியாம ஒடிச்சுக் கொண்டுட்டு வாராவ.