இமாட்டினிப் போட்டு 7 வருஷம்: கொரக்களி, கண் வீக்கம், நான் பண்ணின தப்பு

எனக்கு சி.எம்.எல் ரத்தப் புற்றுநோய், 7 வருஷமா தினமும் இமாட்டினிப் 400 மி.கி. போடுறேன். ஆரம்பத்துல காலைல வெறும் டீயோட முழுங்கிட்டு பஸ் ஏறிடுவேன், எறங்குற ஸ்டாப் வர்றதுக்குள்ள குமட்டிக்கிட்டு வரும். இப்ப மதியம் பாதி சாப்பாட்டுல மாத்திரை, அப்புறம் மீதிச் சோறு, ஒரு சொம்புத் தண்ணி. இதுலயே வாந்தி நின்னுடுச்சு.

கொரக்களிதான் ரொம்ப படுத்துச்சு. ராத்திரி 2 மணிக்கு கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி உருண்டு நிக்கும், கட்டைவிரல் தானா வளையும், வீட்டுக்காரர் எந்திரிச்சு பாதத்தை முழங்கால் பக்கமா அழுத்திப் பிடிப்பார், அப்பதான் விடும். காலைல ரெண்டு கண்ணுக்குக் கீழயும் பை மாதிரி வீங்கியிருக்கும். அதோட தோலும் வெளுத்துச்சு, இந்த மாத்திரை தோலுக்கு நிறம் குடுக்குற செல்லையும் தொடுமாம். சொந்தக்காரங்க யாருக்கும் என் விஷயம் தெரியாது. கல்யாண வீட்டுல "நல்லா கலராயிட்டியே, என்ன கிரீம் போடுற"ன்னு கேப்பாங்க, நான் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்.

இதெல்லாம் ஓபில சொல்லவே இல்ல. உயிரைக் காப்பாத்துற மாத்திரையப் போயி கால் இழுக்குதுன்னு குறை சொல்றதான்னு இருந்துச்சு. நானாவே சனி ஞாயிறு மாத்திரைய விட ஆரம்பிச்சேன், அந்த ரெண்டு நாளாவது தூங்கலாமேன்னு. 4 மாசம் அப்படியே ஓடுச்சு. ரத்தத்துல நோய் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்குற பிசிஆர் டெஸ்ட்ல, 0.06 சதவீதம் இருந்தது அடுத்த தடவை 0.8க்கு ஏறிடுச்சு, 0.1க்குக் கீழ இருக்கணும். டாக்டர் ரிப்போர்ட்டைக் கீழ வச்சிட்டு "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எனக்கு கை நடுங்கிடுச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் திட்டல. ரத்தத்துல கால்சியம், மெக்னீசியம் பாத்தாங்க, மெக்னீசியம் கம்மி, அதுக்கு மாத்திரை எழுதினாங்க. உப்பைக் குறைக்கச் சொன்னாங்க, பம்ளிமாஸ் வேணாம், வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கேக்காம எடுக்காதீங்கன்னாங்க. கொரக்களி முழுசா போகல, வாரத்துல ஒரு தடவை வருது, ஆனா தூங்குறேன். ஒருநாள் கூட விடாம போட்டு 6 மாசத்துல திரும்ப 0.05 வந்துச்சு. முன்னாடியே வாயத் திறந்திருந்தா அந்த 6 மாசப் பயம் எனக்கு இருந்திருக்காது.

— அக்கா, எனக்கு இதே வகையில டாசாட்டினிப்னு வேற மாத்திரை. படுத்தா மூச்சு வாங்கும், உக்காந்தா சரியாகும். சளின்னு நினைச்சு 2 வாரம் கஷாயமா குடிச்சேன், கடைசில எக்ஸ்ரே எடுத்தா நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு. கொஞ்ச நாள் மாத்திரைய அவங்களே நிப்பாட்டி, அப்புறம் 100 மி.கி.ய 70 ஆக்கிக் குடுத்தாங்க. இப்ப மாடிப்படி நிக்காம ஏறுறேன். நீங்க சொன்ன மாதிரி நானும் ஆஸ்பத்திரில வாயே திறக்கல, அம்மா இழுத்துட்டுப் போனதாலதான் போனேன்.

— அம்மாவுக்குப் புண்ணியமா போகும் தம்பி. அந்தக் கஷாயத்துல என்னென்ன போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா? இல்லேன்னா அடுத்த தடவை எழுதி எடுத்துட்டுப் போங்க.