மூடுபனியில் எப்பா உண்மையிலேயே வழி தவறினாரா?

மார்கழிக்குளிர்:
ரூபன் ஓஸ்ட்லுண்டின் ‘ஃபோர்ஸ் மஜூர்’ (2014) படத்தைப் பற்றிக் கடைசிஇருக்கை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மூடுபனிக் காட்சியில் எப்பா வழி தவறவே இல்லை, பிள்ளைகள் முன்னால் கணவரின் மானத்தைக் காப்பாற்ற நாடகமாடினார் என்று, இயக்குநரே காதில் ஓதியதைப் போல அடித்துச் சொல்லியிருக்கிறார். படத்தில் அப்படி ஒரு வசனமும் கிடையாது.

கடைசிஇருக்கை:
வசனத்தில் வந்தால்தான் நம்புவேன் என்பவருக்கு வானொலி நாடகமே போதும். பிரெஞ்சு ஆல்ப்ஸ் விடுதியின் திறந்தவெளி உணவகத்தை நோக்கிப் பனிச்சரிவு வருகிறது. எப்பா பிள்ளைகள் வேராவையும் ஹாரியையும் அணைத்துக்கொள்ள, கணவர் தாமஸ் கைப்பேசியும் கையுறையுமாக ஓட்டம் பிடிக்கிறார். ஓடவே இல்லை என்று பிறகு நண்பர்கள் முன்னிலையிலும் சாதிக்கிறார். அவருடைய கைப்பேசிக் காணொளியே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. கடைசி நாள் மூடுபனிக்குள் எப்பாவின் குரல் கேட்கிறது, தாமஸ் போய் அவரைத் தூக்கி வருகிறார். இறக்கிவிட்டதும் எப்பா என்ன செய்கிறார்? எழுந்து, விட்டுவந்த சறுக்குக் கட்டைகளை எடுக்கத் தாமே நடந்து போகிறார். தொலைந்துபோனவர் நடக்கிற நடையா அது?

மார்கழிக்குளிர்:
பனியில் தடுமாறி விழுந்தவர் சற்று ஆசுவாசப்பட்டபின் நடக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நாடகம்தான் என்றால், பிள்ளைகள் இருவரையும் அந்த வெண்மைக்குள் தனியே நிற்கவிட்ட தாய் ஆகிவிடுகிறார் எப்பா. பனிச்சரிவில் பிள்ளைகளை விடாத ஒருத்தியின் மேல் இந்தப் பழியைப் போடக் கூசவில்லையா?

தனிவழி:
இருவரும் பேருந்துக் காட்சியை மறந்துவிட்டீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் தடுமாறியதும், கதவைத் திறக்கச் சொல்லி அலறி முதலில் இறங்கி ஓடியவர் எப்பாதான். அப்போது அவருக்குப் பிள்ளைகளின் நினைவு வரவில்லை. இயக்குநர் கணக்கை அங்கே நேர்செய்துவிட்டார். மூடுபனியைப் பிடித்துக்கொண்டு இத்தனை மல்லுக்கட்டு எதற்கு?

கடைசிஇருக்கை:
பேருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, தனிவழி அவர்களே. இதே இயக்குநரின் ‘தி ஸ்கொயர்’ படத்தை நான் பாராட்டியபோதும் தாங்கள் இப்படித்தான் ஊடே நுழைந்து பேச்சைத் திருப்பினீர்கள். 2017இல் அது கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வென்றது என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது. என் கேள்வி ஒன்றுதான்: சறுக்குக் கட்டைகளை எடுக்க எப்பா நடந்து போனாரா, இல்லையா?

தனிவழி:
விருது வாங்கிய படத்தைப் பாராட்ட ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. ‘ஃபோர்ஸ் மஜூர்’ ஆஸ்கரின் இறுதி ஐந்தில் இடம்பெறாதபோது தாங்கள் அதை எத்தனை இளக்காரமாக எழுதினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மார்கழிக்குளிர்:
நடந்து போனார், ஐயா, நடந்து போனார். அதனால் என்ன? தாமஸ் கதறி அழும்போது பிள்ளைகள் அவர்மேல் விழுந்து அழுது, அம்மாவையும் கூப்பிடுகிறார்கள். எப்பா எத்தனை தயக்கத்தோடு போகிறார் என்று பார்த்தீர்களா? பொய்யாக அணைக்கவே மனம் வராதவர், மறுநாள் பனிமலையில் பொய்யாக அலறுவாரா?

கடைசிஇருக்கை:
அந்தத் தயக்கம்தான் என் சான்று. அழுகிற தகப்பனைப் பார்த்துப் பிள்ளைகள் நடுங்கியதைக் கண்டபிறகே அவர் இதைத் துணிகிறார். சரி, நடந்து போனார் என்று இப்போதாவது ஏற்றுக்கொண்டீர்கள். மீதியை மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்கழிக்குளிர்:
நடந்ததைத்தான் ஏற்றேன், நடித்ததை அல்ல.

கடைசிஇருக்கை:
நோயாளி நடந்தால் மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தாங்கள் மட்டும் இன்னும் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.