மறுமொழி: பிரேக்டவுன் – ‘முறிவு’ வேண்டாம், ‘தாழ்நடை’ என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

மெட்டல் பாடல்களில் வேகம் திடீரெனத் தளர்ந்து கனத்த அடிகளாக மாறும் பகுதியைப் ‘பிரேக்டவுன்’ என்பார்கள். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘முறிவு’ என்ற சொல்லை நம் கலைச்சொற் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் என் மறுப்பையும் கேட்டுவிடுங்கள்.

லோர்னா ஷோர் குழுவின் ‘பெயின் ரிமெய்ன்ஸ்’ அல்பத்தைப் பற்றிக் கொழும்பில் எனக்குத் தெரிந்த கேட்போரின் கருத்துகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். அமெரிக்காவின் நியூ ஜேர்சியைச் சேர்ந்த இந்த டெத்கோர் (கடும் மெட்டல் இசையின் ஒரு வகை) குழு 2022 ஒக்டோபரில் வெளியிட்ட நான்காவது முழு அல்பம் அது. பாடகர் வில் ராமோஸ் சேர்ந்த பிறகு வந்த முதல் முழு அல்பமும் அதுவே. பத்துப் பாடல்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. யாரிடம் கேட்டாலும் பேச்சு பிரேக்டவுனில்தான் வந்து நிற்கிறது. வெள்ளவத்தை நண்பர் ஒருவர், அது எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் ஐந்தாவது பாட்டிலேயே அலுத்துவிட்டது என்றார். கொட்டாஞ்சேனையில் ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பியோ அதற்காகவே காத்திருந்து கேட்கிறான். கடைசி மூன்று பாடல்களும் ஒரே துயரத்தின் மூன்று பகுதிகள்; அங்கே வரும் பிரேக்டவுனில் தன் கண் கலங்கிவிட்டது என்று ஒரு அக்கா சொன்னார்.

இப்போது இந்த இடங்களில் ‘முறிவு’ என்று எழுதிப் பாருங்கள். ‘ஒவ்வொரு பாட்டிலும் முறிவு வருகிறது.’ பாட்டில் ஏதோ பழுது என்றே வாசிப்பவர் நினைப்பார். எலும்பு முறிவு, உறவு முறிவு, பேச்சுவார்த்தை முறிவு என்று பத்திரிகைகளில் நாம் காணும் முறிவுகள் எல்லாம் ஒன்று குலைந்துபோவதையே சொல்கின்றன. பிரேக்டவுனில் எதுவும் குலைவதில்லை. அதுவரை சிதறி ஓடிய வாத்தியங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடுகின்றன.

நடப்பது இதுதான். கால் ட்ரம்மின் இரட்டைப் பெடல் பாய்ந்துகொண்டிருக்கும். அடிப்படைத் துடிப்பு அப்படியே இருக்க, இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் விழுந்துவந்த ஸ்னேர் ட்ரம்மின் அடி மூன்றாவதில் மட்டும் விழத் தொடங்குகிறது. காதுக்கு வேகம் பாதியாகிவிடுகிறது. சில பாடல்களில் வேகமே உண்மையாகப் படிப்படியாகக் குறையும். தாழ்ந்த சுருதியில் கட்டிய கிற்றாரின் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி, கால் ட்ரம்மின் அடியோடு அடியாக வெட்டி வாசிப்பார்கள். தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமல்ல. மேற்காலத்தில் வேகமாக உருண்டுகொண்டிருந்த தவில் சொற்கள் மெதுவான கீழ்க்காலத்துக்கு இறங்கும்போது சபை நிமிர்ந்து உட்காருமே, அந்தக் கணம்.

பிரேக்டவுனுக்குக் ‘காலவிறக்கம்’ என்ற மற்றொரு முன்மொழிவு பொருளில் சரியானது. ஆனால் கச்சேரிக் கூட்டத்தில் ஒருவர் காதில் இன்னொருவர் கத்திச் சொல்லக்கூடிய சொல்லாக அது இல்லை.

சிலப்பதிகார உரைமரபு இசையின் இயக்கத்தை முதல்நடை, வாரம், கூடை, திரள் என நான்காக வகுக்கிறது. முதல்நடை மிகத் தாழ்ந்த செலவு, அதாவது மிக மெதுவான ஓட்டம்; திரள் மிக முடுகிய, வேகமான செலவு. ‘முதல்நடை’யை அப்படியே எடுக்க முடியாது, பாட்டின் நடுவிலோ முடிவிலோ வருவதை ‘முதல்’ என்றால் குழப்பம்தான். அதை விளக்கும் ‘தாழ்ந்த செலவு’ என்ற தொடரிலிருந்தே தாழ்நடை என்ற சொல்லை ஆக்கலாம். தாழ்தல் என்றால் இறங்குதல். தாமதித்தல் என்றும் பொருளுண்டு. சுருதியும் தாழ்ந்திருக்கிறது. மூன்றும் இந்த இசைக்குப் பொருந்துவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

கர்நாடக இசை அறிந்தவர்கள், ‘நடை’ என்றால் தாளத்தின் ஓர் எண்ணிக்கையை மூன்றாகப் பிரிக்கும் திசிரம், நான்காகப் பிரிக்கும் சதுசிரம் முதலான உட்பிரிவுதானே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆயினும் ‘முதல்நடை’யிலேயே நடை என்பது வேகத்தைக் குறித்திருக்கிறது. அடைமொழியோடு வரும்போது மயக்கம் ஏற்படாது என்று நம்புகிறேன். டெத்கோர் என்ற பெயரை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம்; ஓர் இசைவகையின் பெயர் ஊர்ப்பெயர் போன்றது.

கொட்டாஞ்சேனைத் தம்பியிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், ‘இந்தப் பாட்டில் தாழ்நடை எங்கே தொடங்குகிறது?’ என்று கேட்டுப் பார்த்தேன். பாட்டை ஓடவிட்டுக் காத்திருந்தவன், சரியான அடியில் மேசையைத் தட்டினான்.

ட்ரம்ஸில் மிக வேகமாக இடைவிடாது அடிக்கும் பிளாஸ்ட் பீட்டுக்குத் ‘திரளடி’ பொருந்துமா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன். தாழ்நடைக்கு மறுப்பு உள்ளவர்கள் ஒரு முழு வாக்கியத்தில் தங்கள் சொல்லை வைத்துக் காட்டுங்கள்.