கால்வாயில் அள்ளிய குப்பை மழைக்குப் பின் மீண்டும் வருகிறது: எங்கே தடுப்பது?

கேள்வி:
நாங்கள் இருபது பேர் மாதம் ஒருமுறை ஒரு கால்வாய்க் கரையில் குப்பை அள்ளுகிறோம். ஆனால் ஒரு பெருமழை பெய்துவிட்டால், மறுநாளே பைகளும் பாட்டில்களும் பழையபடி நாணலில் சிக்கி நிற்கின்றன. கடலோ இங்கிருந்து வெகு தொலைவு. எங்கள் உழைப்பு கடல்வாழ் உயிர்களுக்கு உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது வேறு இடத்தில் வேறு விதமாகச் செய்ய வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
உதவுகிறது, நாளையும் இடத்தையும் மாற்றினால் இன்னும் உதவும். பல நகரங்களில் மழைநீர் வடிகால்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஆற்றிலோ கால்வாயிலோ போய் விழுகின்றன. வறண்ட மாதங்களில் தெருவில் சேர்ந்ததில் பெரும்பகுதியை முதல் பெருமழையே வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், வடிகால்கள் தொடங்கும் தெருவோரத் திறப்புகளைச் சுற்றி அள்ளுங்கள். சிகரெட் துண்டுகளையும் விடாதீர்கள். அவற்றின் வடிகட்டி பார்ப்பதற்குப் பஞ்சு போலிருந்தாலும், பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்தான்.

பதில் 2:
கரை ஒதுங்கிய ஒரு கடலாமையின் உடற்கூறாய்வில் நான் உடனிருந்திருக்கிறேன். அதன் உணவுக்குழாய் முழுவதும், வயிற்றை நோக்கிச் சாய்ந்த முட்கள் நெருக்கமாக இருந்தன. விழுங்கிய கடல்நீரை வெளியே தள்ளும்போது இரை நழுவிவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக அமைந்த அதே முட்கள், ஆமை ஒரு பையை விழுங்கிவிட்டால் அதைக் கக்கவும் விடுவதில்லை. ஜெல்லி மீன் போன்ற தோற்றம் மட்டும் ஆமையை ஏமாற்றுவதில்லை. கடல்நீரில் கிடந்து, பாசியும் நுண்ணுயிர்களும் படிந்த பிளாஸ்டிக்கின் மணத்துக்கு, ஆமைகள் உணவின் மணத்துக்கு நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்வதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொலைவு பற்றிய உங்கள் ஐயத்துக்கு என் பதில் இதுதான்: பையைக் கரையிலேயே எடுத்துவிட்டால், அது அந்த மணத்தைப் பெறுவதற்கே வாய்ப்பில்லை.

பதில் 3:
வடிகால்களைத் தாண்டி வரும் குப்பையைப் பிடிக்க, நீரின் மேல் மிதக்கும் மிதவைத் தடுப்பு நல்லது. அதை நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால், குப்பை தானாகவே ஒரு கரைக்கு ஒதுங்கும், அள்ளுவதும் எளிது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில், ஓடை வந்து சேரும் இடத்தில், நீரோட்டத்தாலும் சூரிய மின்சாரத்தாலும் சுழலும் குப்பைச் சக்கரம் ஒன்று 2014 முதல் இயங்குகிறது. அங்கும் மிதவைகள்தாம் குப்பையைச் சக்கரத்தின் வாய்க்குக் கொண்டுவருகின்றன. ஆனால் தடுப்பு மிதப்பதை மட்டுமே பிடிக்கும். மண் நிறைந்த பைகள் அதன் அடியில் போய்விடும். நிரம்பிய தடுப்பை மழைக்கு முன் காலி செய்யாவிட்டால், சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே இரவில் கடலை நோக்கிப் போய்விடும். என் பார்வையில், அள்ளுவதற்கு ஆள் உறுதியாகும் வரை தடுப்புக் கட்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த முறை கால்வாயை விட்டு, வடிகால் திறப்புகளிலிருந்தே தொடங்குகிறோம். எத்தனை திறப்புகள் இந்தக் கால்வாயில் வந்து சேர்கின்றன என்பதை இதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. மழைக்கு முன் அந்தக் கணக்கை எடுத்துவிடுவோம்.