மறு: ‘பேபி ஸ்கீமா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியைப் போட்டுவிட்டு மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தது என் தவறுதான். ஒரு சொல் கேட்டேன், பதினொரு சொல் வந்து விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எது நின்றது, எது வழுக்கியது என்று சொல்கிறேன்.

இழையில் இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கட்டுரை, ஒரு விலங்கின் தோற்றம் அதன்மேல் நமக்கு வரும் பாசத்தையும் அருவருப்பையும் எப்படி உண்டாக்குகிறது என்பதைப் பற்றியது. பத்திக்குப் பத்தி அதில் வரும் சொல் ‘பேபி ஸ்கீமா’. விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் ஜெர்மன் மொழியில் வைத்த பெயர், ஆங்கிலத்தில் இப்படி ஆனது. உடம்புக்குப் பெரிய தலை, எடுப்பான உயர்ந்த நெற்றி, தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும் பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான தடித்த கைகால், தத்தக்கா பித்தக்கா என்ற நடை. இவை சேர்ந்திருந்தால் பார்ப்பவருக்குத் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும் என்றார் லோரன்ஸ். மனிதக் குழந்தையை வளர்த்தெடுப்பதற்காக நமக்குள் இருக்கும் தூண்டல், நாய்க்குட்டியைக் கண்டாலும் பூனைக்குட்டியைக் கண்டாலும் அதே வேகத்தில் கிளம்பிவிடுகிறது.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> குழந்தைத் திட்டம். சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது?

தம்பி, சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பதுதான் தொல்லை. ‘பாண்டாவிடம் குழந்தைத் திட்டம் அதிகம்’ என்று எழுதிப் பாருங்கள். பாண்டா ஏதோ குடும்ப நல ஆலோசனைக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது. திட்டம் என்றாலே நமக்கு நிதி ஒதுக்கீடும் பயனாளிப் பட்டியலும்தான் ஞாபகம் வரும். ‘குழந்தை உருவரை’ அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அது கருவில் இருக்கும் குழந்தையின் ஸ்கேன் படம் போல ஒலிக்கிறது.

> மழலைமுகம்

மழலை என்பது பேச்சு, முகத்துக்கு எப்படி ஆகும் என்றுதான் முதலில் எழுத வந்தேன். மழலையர் பள்ளி என்று சொல்லத் தொடங்கியபின் அந்த வாதம் எடுபடாது என்று குழுவில் ஓர் அம்மா ஏற்கெனவே எழுதிவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இடிப்பது ‘முகம்’தான். லோரன்ஸ் சொன்னதில் கைகால் இருக்கிறது, நடை இருக்கிறது. கால் இடறி விழுந்து எழும் யானைக்கன்றைத் தூரத்தில் பார்க்கும்போது அதன் முகம் எங்கே தெரிகிறது? ஆனாலும் உருகுகிறோம். ‘பால்வடியும் முகம்’ என்ற பரிந்துரைக்கும் இதே தடைதான். கேட்டவுடன் எழுந்து நின்று கைதட்டினேன், அது வேறு. தமிழில் இந்தக் கருத்துக்கு ஏற்கெனவே இருக்கும் தொடர் அதுதான். கூடவே ஒரு கூர்மையும் இருக்கிறது. ‘பால்வடியும் முகத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையா செய்தான்’ என்னும்போது, முகத்தைப் பார்த்துக் குணத்தை முடிவுகட்டி ஏமாந்ததையும் சேர்த்தே சொல்கிறோம். கலைச்சொல்லாக நீளம் ஒத்துவரவில்லை. கட்டுரையின் உள்தலைப்பு ஒன்றுக்கு எடுத்துக்கொண்டேன், நன்றி.

> அழகீர்ப்பு, எழிலீர்ப்பு

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘கியூட்’ என்பதற்கும் ‘அழகு’ என்பதற்கும் உள்ள இடைவெளியைத் தமிழில் நாம் நிரப்பவே இல்லை, பேச்சில் கியூட் என்றே சொல்லிக் கடந்துவிடுகிறோம். புலி அழகு. மயில் அழகு. அவற்றை யாருக்கும் மடியில் போட்டுக்கொள்ளத் தோன்றுவதில்லை. சப்பை மூக்குப் பக் நாயை அழகென்று சொல்லத் தயங்குபவர்கூட அதைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டு ‘என்னடா கண்ணு’ என்கிறார். அந்தக் குரல் மாற்றம்தான் நாம் பெயர் வைக்க வேண்டிய பொருள். ஆகவே அழகு, எழில், வனப்பு எல்லாவற்றையும் தாளில் அடித்துவிட்டேன்.

மீதி நின்றது பேராசிரியர் ஐயா தந்த ‘குழவிச்சாயல்’. தொல்காப்பிய மரபியலின் தொடக்கத்தில் இளமைப் பெயர்கள் ஒன்பது வருகின்றன: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றில் குழவி மனிதருக்கும் வரும், யானைக்கும் வரும். அதனால் மனிதக் குழந்தைக்கும் விலங்குக்கும் பாலம் போடும் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான வேர் இல்லை என்பது ஐயாவின் வாதம். எனக்கு ‘சாயல்’தான் இன்னும் பிடித்தது. சாயல் என்றால் ஒன்றில் இன்னொன்று தெரிவது, அப்படித் தெரிவதற்குப் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். பாண்டாவின் உருண்டை முகம் மூங்கிலைக் கடித்து நொறுக்கும் தாடைத் தசைகளால் ஆனது. கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டு கண்ணல்ல. நாம்தான் அந்தத் திட்டு முழுவதையும் கண்ணாகப் படித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய சோகக் கண்கள் என்று உருகுகிறோம். உள்ளே இருக்கும் நிஜக் கண் சிறியது. பாண்டா யார் மனத்தையும் கவர முயலவில்லை, சாயல் தற்செயல். இந்தத் தற்செயலைச் சொல் சுமக்க வேண்டும். ‘ஈர்ப்பு’, ‘கவர்ச்சி’ என்று முடியும் சொற்கள் அதைச் சுமக்காது. அவை விலங்கே ஏதோ செய்கிறது என்ற தொனியைக் கொண்டுவந்துவிடுகின்றன.

> லோரன்ஸின் கணக்குப்படி ‘ஸ்கீமா’ இருப்பது பார்ப்பவர் மனத்தில். சாயல் என்றால் அது விலங்கின் உடம்புக்குப் போய்விடுகிறதே?

ஐயா தன் பரிந்துரைக்குத் தானே எழுப்பிய தடை இது, அந்த நேர்மைக்கு வணக்கம். கறாராகப் பார்த்தால் சரிதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்களே சொல்லை நகர்த்திவிட்டார்கள். 2009-இல் வந்த ஆய்வுகளில், குழந்தைகளின் ஒளிப்படங்களை எடுத்து நெற்றியை உயர்த்தியும் தாழ்த்தியும், கண்ணைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காட்டினார்கள். ‘பேபி ஸ்கீமா’ கூடிய முகம், குறைந்த முகம் என்றே அவற்றைக் குறித்தார்கள். கூடும் குறையும் என்று ஆகிவிட்டால் அது மனத்தில் இருக்கும் அச்சு அல்ல, முகத்தில் அளக்கக்கூடிய ஒன்று. ‘சாயல் கூடியது’, ‘சாயல் குறைந்தது’ என்று தமிழில் தடங்கல் இல்லாமல் வருகிறது. ‘திட்டம் கூடியது’ வராது.

விலங்கு மருத்துவத் தோழி எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். வளர்ந்த விலங்கையும் சொல் தழுவ வேண்டும் என்கிறார். அவர் சொல்லும் காரணம் வலிக்கிறது. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களை மூக்கு குட்டையாக, முகம் தட்டையாக, கண் பெரிதாகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறோம். எலும்பு குட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் மெல்லண்ணம், அதாவது வாய்க்கூரையின் பின்புறச் சதை, அதே விகிதத்தில் குறையவில்லை, காற்று போகும் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அது தூங்கும்போது வரும் குறட்டையைப் படம் பிடித்துச் சிரிக்கிறோம். மூச்சுக்குத் திணறும் சத்தம் அது. ஐந்து வயது நாய் சாகும்வரை குட்டி முகத்தோடு இருக்க வேண்டும் என்ற நம் ஆசைக்கு, நாய் மூச்சால் விலை கொடுக்கிறது.

இதே தேர்வு மென்மையாகவும் நடந்திருக்கிறது. உள்புருவத்தைத் தூக்கிக் கண்ணைப் பெரிதாகக் காட்டும் சின்னத் தசை ஒன்று நாய்களிடம் நன்றாக வளர்ந்திருப்பதையும், ஓநாய்களிடம் அந்த இடத்தில் சில நார்கள் மட்டுமே இருப்பதையும் 2019-இல் வந்த உடற்கூற்று ஆய்வு காட்டியது. காப்பகத்தில் புருவத்தை அடிக்கடி தூக்கிய நாய்களை ஆட்கள் சீக்கிரம் தத்தெடுத்துப் போனார்கள் என்று 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது. பொம்மையில்கூட இதுதான் கதை. கரடி பொம்மைகளைக் காலவரிசைப்படி அடுக்கி அளந்த ராபர்ட் ஹைண்டும் அவருடைய கூட்டாளியும், பழைய பொம்மைகளின் நீண்ட மூக்கு குறுகி நெற்றி பெரிதாகிக்கொண்டே வந்ததை 1985-இல் எழுதினார்கள். பொம்மைக்குப் பரிணாமம் கிடையாது. விற்றது தங்கியது, விற்காதது போனது.

இடையில் இழை கழுகுப் பக்கம் திரும்பிவிட்டது. ஒட்டகம் நம்மை அலட்சியமாகப் பார்க்கிறது, கழுகு முறைக்கிறது, டால்பின் சிரிக்கிறது என்பதெல்லாம் இந்தச் சொல்லுக்குள் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது. ஒட்டகத்தின் மூக்கு கண் மட்டத்துக்கு உயர்ந்து நிற்கிறது. கழுகின் கண்ணுக்கு மேல் எலும்பு விளிம்பு துருத்தி நிற்கிறது. டால்பினின் தாடை எப்போதும் அந்த வளைவில்தான் இருக்கும், நோயில் கிடந்தாலும் இருக்கும். இது மனித முகபாவத்தை இல்லாத இடத்தில் படிப்பது. இதற்கு ‘பாவ மயக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். உடனே ‘பாவம்’ என்றால் பாபமா, ஐயோ பாவமா, முகபாவமா என்று குழம்பும், தெரியும். தனி இழையில் சண்டை போடுவோம்.

சாயல் இல்லாத விலங்குக்கு நேர்வதையும் கட்டுரை பேசுகிறது. அங்கே தமிழுக்கே உரிய ஒரு சங்கதியை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். மொட்டைத் தலை, வளைந்த கழுத்து என்று பார்க்கவே பிடிக்காத பறவைக்குப் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று பெயரும் வைத்துவிட்டோம். தோற்றம் பாதி வேலையைச் செய்தது, மீதியைப் பெயர் முடித்தது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கி இந்தியாவில் இவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. பறவை ஆர்வலர்கள் இப்போது ‘பாறு’ என்ற பழைய பெயரை வேண்டுமென்றே புழங்குகிறார்கள். ஒரு சொல் பறவையைக் காப்பாற்றுமா என்று கேட்டால் தெரியாது, ஆனால் எனக்கு அதைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறியது.

தேவாங்கு இன்னும் விசித்திரம். லோரன்ஸின் பட்டியல்படி முழு மதிப்பெண் வாங்க வேண்டிய கண்கள் அதற்கு. நாமோ ‘தேவாங்கு மாதிரி இருக்கிறான்’ என்று ஆளைத் திட்டுகிறோம். உடம்பும் கைகாலும் குச்சி போல மெலிந்திருப்பதால் கண்ணின் சாயலைக் கைகால் கெடுத்துவிடுகிறது போலும், இது என் ஊகம்தான். அதன் உறவான மெதுநடைத் தேவாங்கு கொழுகொழுவென்று இருப்பதால் அதற்கு நேர்ந்தது வேறு விதமான துன்பம். கிச்சுக்கிச்சு மூட்டினால் கையைத் தூக்கிக் காட்டுகிறது என்று இணையமே அதன் காணொளியைக் கொண்டாடியது. மேற்கையில் நஞ்சுச் சுரப்பி இருக்கிறது. அச்சுறுத்தப்படும்போது அதை வாய்க்குக் கொண்டுவரத்தான் கையைத் தூக்கும். பயத்தை நாம் கொஞ்சலாகப் பார்த்தோம்.

ஆக, குழவிச்சாயல் என்று முடிவுகட்டி, நேற்றிரவு கட்டுரையின் முதல் பக்கத்தை மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘பாண்டாவிடம் குழவிச்சாயல் மிகுதி’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“எந்தக் குளவிப்பா? கொட்டுமே, அதுவா?”

நான் ழகரத்தை ஒழுங்காகத்தான் உச்சரித்தேன் என்று நம்புகிறேன். அவள் காதில் அது குளவியாகவே விழுந்தது. தட்டச்சில் ஒரு எழுத்து தவறினாலும் இதே கதிதான். எல்லோரும் கொஞ்ச நினைக்கும் சாயலுக்குப் பெயர் வைக்கப்போய், கண்டதும் ஓட வைக்கும் பூச்சியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். எழுத்துப்பிழை தப்பினாலும் குழவிக்கல் காத்திருக்கிறது. ஐயா மன்னிக்க வேண்டும், மரபியல் பக்கம் நிற்க எனக்கும் ஆசைதான்.

அதனால் சாயலை விடாமல் முன்பாதியை மட்டும் மாற்றினேன்: சேய்ச்சாயல். தாய்சேய் நலம் என்று எல்லோருக்கும் தெரிந்த சேய். ஓரசை, வாயில் இடறவில்லை. சேய்மையோடு குழம்புமே என்று யாராவது கேட்பீர்கள், ‘சாயல்’ பக்கத்தில் நிற்கும்போது குழம்பாது என்று நினைக்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தவை:

‘பக் நாயின் சேய்ச்சாயல் அதன் மூச்சுக்குழலுக்குப் பகையானது.’

‘சேய்ச்சாயல் குறைந்த விலங்குகளுக்கு நன்கொடை திரட்டுவது கடினம்.’

‘கரடி பொம்மைக்குச் சேய்ச்சாயல் ஆண்டுக்கு ஆண்டு கூடியது.’

மூன்றாவதைக் கேட்டதும் மகள் ஒன்றும் கேட்கவில்லை, தன் கரடியை எடுத்துவந்து அதன் கண் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தாள். கீழேதான்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும். சேய்ச்சாயலுக்கு மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள். ஒற்று இரட்டிப்பதில் ஐயம் உள்ளவர்கள் தனிமடலில் வரவும், போனமுறை அதற்கே நாற்பது மடல் ஓடியது. இன்னொன்று: குட்டியைப் பார்த்ததும் ‘அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைக் கிள்ளுகிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ‘கொஞ்சுவெறி’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். ‘வெறி’ நாய்க்குப் பக்கத்தில் வரும்போது வேறு பொருள் தருகிறது. மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கேள்வி போட்டவன்